தியேட்டர் கதவு திறந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். அறுவை சிகிச்சை நாளன்று உறவினர்களின் கண்ணெல்லாம் தியேட்டர் கதவின் மீதே இருக்கும். மருத்துவர் வெளியே வந்து "நல்லபடியாக முடிந்தது" என்று சொன்னதும் போன உயிர் திரும்பி வந்ததுபோல் பெருமூச்சு விடுவார்கள். எங்களைப் போன்ற பொது அறுவை மருத்துவர்களுக்குக் கவலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பொது அறுவையும் இரத்தக்குழாய் அறுவையும் செய்துகொண்ட 84,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை அலசினார்கள். இறப்பு குறைவாக உள்ள மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை. இறப்பு குறைந்த இடம், கூடிய இடம் இரண்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறப்பு குறைந்த இடத்தில் நூற்றுக்கு 12, 13 பேர் இறந்தார்கள்; கூடிய இடத்தில் 21 பேர். வந்த சிக்கலை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டு, என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்த இடைவெளி பிறக்கிறது.

குடலில் வந்த கட்டியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைத்துத் தைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பு கசிவதானால், பெரும்பாலும் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில்தான் தெரியவரும். அதற்குள் நோயாளி கஞ்சி குடித்து, வராந்தாவில் நடந்தும் இருப்பார். காலையில் போய்க் கேட்டால், "பரவாயில்லை டாக்டர், வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது" என்பார். காய்ச்சல் 99 டிகிரிதான். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையைப் பாருங்கள்: நாடித்துடிப்பு நேற்றுக் காலை 88, இரவு 104, இன்று 118. மூச்சு நிமிடத்துக்கு 26. வயிறு கல்லாக இறுகுவதற்கு முன்பே நாடி சொல்லிவிடுகிறது.

இந்த நேரத்தில் சாக்குச் சொல்லும் முதல் ஆள் அறுவை செய்த மருத்துவர்தான். வாயுவாக இருக்கும், வலியால் துடிப்பு கூடியிருக்கும், பயந்த சுபாவம் என்று மனம் காரணம் தேடும். தான் போட்ட தையல் விட்டுப்போனதை யாருக்குத்தான் நம்பத் தோன்றும்? அதனால்தான் சந்தேகம் வந்த உடனே இன்னொரு அறுவை மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது என்பேன். இதில் கௌரவம் பார்த்தால் நோயாளிதான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். சி.டி. ஸ்கேனில் சிறு சீழ்க்கட்டு மட்டும் தெரிந்தால், குழாய் வைத்துச் சீழை வடித்து ஆன்டிபயாடிக் கொடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். வயிறு முழுக்க மலம் பரவியிருந்தால் தாமதம் கூடாது. வயிற்றைத் திறந்து கழுவி, குடலின் முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை மாட்ட வேண்டியிருக்கும். பையைப் பார்த்ததும் குடும்பம் இடிந்துபோகும். பல நோயாளிகளுக்குச் சில மாதங்களில் அந்தக் குடல் முனையை மீண்டும் உள்ளே வைத்து மூடிவிட முடியும்.

தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது இதைவிடச் சாதாரணம். இரண்டு தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி, தினமும் கட்டு மாற்றுவதுதான் அதற்கு மருந்து. "தையலைப் பிரித்துவிட்டார்களே" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. மூடிய புண்ணுக்குள் சீழை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஊசிகளாகப் போட்டுக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியாக, பித்தப்பையை எடுத்துக்கொண்டு மறுநாளே வீடு திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். மூன்றாம் நாள் வலி கூடினாலோ, வயிறு உப்பிச் சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, பித்தம் கசிகிறதா, பித்தம் போகும் குழாயான பித்தநாளம் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பித்தநாளக் காயம் ஆயிரத்தில் மூன்று, நான்கு பேருக்கு வரக்கூடியதுதான். ஆனால் கஷாயம் குடித்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தால் சிகிச்சை பல மடங்கு கடினமாகிவிடும். எந்த அறுவைக்குப் பிறகும் ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், இரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் உடனே காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் நள்ளிரவானாலும் ஆம்புலன்ஸ்தான்.

இப்படி மீண்டும் மருத்துவமனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அறுவை செய்த இடத்துக்கே போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், என்ன அறுவை, எந்தத் தேதி, எப்போதிலிருந்து தொந்தரவு என்ற மூன்றையும் நீங்கள் போகிற மருத்துவமனையின் டியூட்டி மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.