சேபன் போன பிறகு

உடற்கல்வி மாணவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

தலைமைப் பயிற்சியாளர் மாறினால் ஓர் அணி என்ன பாடுபடும் என்று பேசச் சொன்னீர்கள். நான் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து இல்லை. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், எதிரி மேலே விழுந்து அமுக்குவான். கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். டஸ்கலூசா ஊரில் இருக்கும் அவர்கள் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் உட்காரலாம்.

அந்த அணியை 2007 முதல் 17 சீசன்கள் நடத்தியவர் நிக் சேபன். அங்கே மட்டும் 6 தேசியப் பட்டங்கள். 2024 ஜனவரி 10 அன்று ஓய்வு பெறுகிறேன் என்றார். இரண்டே நாளில் கேலன் டிபோர் என்பவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். டிபோர் சாதாரண ஆள் இல்லை. 2021இல் 4 வெற்றி, 8 தோல்வி என்று கிடந்த வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை எடுத்து, இரண்டாவது சீசனிலேயே தேசிய இறுதி ஆட்டம்வரை ஒரு தோல்வியும் இல்லாமல் கொண்டுபோனவர். ஆகவே, பின்னால் நடந்ததற்கெல்லாம் 'தெரியாத ஆளைப் பிடித்துவந்தார்கள்' என்று காரணம் சொல்ல முடியாது.

வந்தவருக்கு முதல் வேலை என்ன தெரியுமா? இருக்கிற பிள்ளைகளைப் போகாமல் பிடித்துவைப்பது! தலைமைப் பயிற்சியாளர் விலகினால் 30 நாட்களுக்குள் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அப்போதைய விதி. தடுப்பாட்டத்தில் சிறந்து விளங்கிய கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட் போய்விட்டார். பந்து பிடிப்பதில் கெட்டிக்காரரான ஐசையா பாண்ட் டெக்சாஸ் போய்விட்டார். கேடன் பிராக்டர் என்ற பையன் ஐயோவாவுக்குப் போய், அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அலபாமாவுக்கே திரும்பிவந்தார். அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதில் அவர்கள் நம்பிச் சேர்ந்தது ஒரு மனிதரை. அவரே எழுந்து போன பிறகு கட்டடத்துக்கு விசுவாசமாக இரு என்றால் எப்படி?

பயிற்சியாளர்கள் பக்கமும் நிலைமை சுமார்தான். டிபோரின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்துவந்த ரையன் கிரப் அலபாமாவுக்கு வந்தார்; வந்த சில வாரங்களிலேயே சியாட்டில் தொழில்முறை அணி கூப்பிட, போய்விட்டார். தடுப்பாட்டத்துக்கு கேன் வாமக் புது வியூகத்தோடு வந்தார். பழைய துணைப் பயிற்சியாளர்களில் ஃப்ரெடி ரோச், ராபர்ட் கில்லெஸ்பி போன்ற சிலரை டிபோர் தக்கவைத்துக்கொண்டார். புத்திசாலித்தனமான காரியம்.

பாடகர் மாறினாலும் மிருதங்கக்காரருக்குத் தாளம் மறந்துவிடாது. ஆனால் புதியவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று பழகச் சில கச்சேரிகள் ஆகும். வீரர்களுக்கும் அப்படித்தான். ஆனால் வியூகம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை என்பதுதான் நான் சொல்லவந்த விஷயம். 2024 செப்டம்பர் 28 ஆட்டத்தைப் பாருங்கள். எதிரே ஜார்ஜியா, அதன் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட், சேபனிடமே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அலபாமா 28-0 என்று முந்தியது. பிறகு ஜார்ஜியா துரத்திவந்து 34-33 என்று முன்னேறியது. அடுத்த பந்திலேயே, 17 வயது ரையன் வில்லியம்ஸ் 75 கஜத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முடிவு 41-34. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ எறிந்தது மட்டும் 374 கஜம். பழகாத அணி ஆடும் ஆட்டமா இது? நாட்டின் தரவரிசைப் பட்டியலிலேயே அலபாமாவுக்கு முதலிடம் கிடைத்துவிட்டது.

சரியாக ஏழு நாள் கழித்து நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட்டோடு ஆட்டம். முதல் 25 அணிகளின் பட்டியலில்கூட இல்லாத அணி அது. சில வாரங்களுக்கு முன்தான் ஜார்ஜியா ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் தோற்றிருந்தது. அது 40-35 என்று ஜெயித்தது! 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்ட் கையில். இரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தெருவழியே தூக்கிக்கொண்டுபோய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டுவிட்டார்கள்.

அதே பிள்ளைகள், அதே வியூகம், ஒரே வாரம். நடுவில் என்ன காணாமல் போயிற்று?

2007இல், சேபனின் முதல் ஆண்டில், அலபாமா சொந்த ஊரிலேயே லூசியானா-மன்றோ என்ற எளிய அணியிடம் 21-14 என்று தோற்றது. அதற்குப் பிறகு பட்டியலில் இல்லாத அணிகளோடு ஆடிய ஆட்டங்களில் தொடர்ந்து 100 வெற்றி. 2021 அக்டோபரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிதான் அந்த வரிசையை முறித்தது. பட்டங்களைவிட இந்த நூறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரிய எதிரியோடு ஆட யாரும் சொல்லித்தர வேண்டாம். இரத்தம் தானே கொதிக்கும். பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம், எளிய எதிரி வரும்போது, செவ்வாய்க்கிழமை பயிற்சியில் கால் தளராமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சியாளரின் வேலை. பத்திரிகைகள் புகழ்ந்தபோது சேபன் அந்தப் புகழ்ச்சியை எலி விஷம் என்றே சொன்னார். அந்தக் கெடுபிடி எந்த வியூகப் புத்தகத்திலும் இல்லை. அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. டிபோரின் முதல் ஆண்டில் மட்டும் வாண்டர்பில்ட்டிடமும் பிறகு ஓக்லஹோமாவிடமும் (24-3) பட்டியலில் இல்லாத அணிகளிடமே தோல்வி. இடையில் மிசூரியை 34-0, லூசியானா ஸ்டேட்டை 42-13 என்று நொறுக்கியதும் இதே அணிதான். சீசன் 9 வெற்றி, 4 தோல்வி என்று முடிந்தது.

இன்னொன்று சொல்கிறேன். வாண்டர்பில்ட் அதற்கு முன் அலபாமாவை வென்றது 1984இல். அலபாமா அணியை 25 ஆண்டு ஆண்ட பயிற்சியாளர் பேர் பிரையன்ட் 1982 சீசனோடு விலகினார். 1984, அவருக்குப் பின் வந்த ரே பெர்கின்ஸின் இரண்டாவது ஆண்டு. பெர்கின்ஸ் வெளியாள்கூட இல்லை. பிரையன்ட்டிடமே ஆடிய பிள்ளை. வந்ததும் பழைய தாக்குதல் முறையை மாற்றினார், பிரையன்ட் ஏறி நின்று பயிற்சியைப் பார்க்கும் கோபுரத்தையும் அகற்றினார். 1984இல் 5 வெற்றி, 6 தோல்வி. உள்ளாளாக இருந்தாலும் வெளியாளாக இருந்தாலும் பெரியவருக்குப் பின்னால் இந்தப் பள்ளம் இருக்கத்தான் செய்கிறது.

2025 சீசனின் முதல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று மறுபடி விழுந்தார்கள். டிபோரை அனுப்பிவிடு என்ற கூச்சல் கிளம்பியது. சில வாரங்களில் பழைய அதே வரிசை வந்தது: செப்டம்பர் 27 ஜார்ஜியா, அக்டோபர் 4 வாண்டர்பில்ட். ஜார்ஜியாவை அதன் ஊரிலேயே 24-21 என்று வென்றார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமையை. வாண்டர்பில்ட்டும் இம்முறை பட்டியலில் ஏறியிருந்த, வலுவான அணி. அலபாமா 30, வாண்டர்பில்ட் 14.