ஹன்னோ போனாரா, கதை விட்டாரா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். "கார்த்தேஜ் தளபதி ஹன்னோவின் ஆப்பிரிக்கக் கடற்பயணம் உண்மையே." இது எங்கள் கட்சி. கார்த்தேஜ் என்பது வட ஆப்பிரிக்காவின் பழைய துறைமுக நகரம். ஏறத்தாழ 2,500 வருஷத்துக்கு முன், புது ஊர்களில் மக்களைக் குடியேற்ற அங்கிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் தெற்கே போனவர் ஹன்னோ. திரும்பி வந்து, பயணக் குறிப்பை ஊர்க் கோயிலில் தொங்கவிட்டார் என்பார்கள்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "60 கப்பலில் 30,000 பேராம். கப்பலுக்கு 500. அது கப்பலா, முன்பதிவில்லாத ரயில் பெட்டியா?" நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா கணக்கில் புலி! அவை 50 துடுப்புக் கப்பல்கள், பக்கத்துக்கு 25. ஒல்லி உடம்பு, தண்ணீர்ப் பானை வைக்கவே இடம் தேட வேண்டும். 500 பேர் ஏறினால் துறைமுகத்திலேயே முழுகும். ஒப்புக்கொள்கிறேன்! ஆனால் நம் கையில் இருப்பது அந்தக் குறிப்பின் கிரேக்க வடிவம், அதுவும் 9ஆம் நூற்றாண்டுப் படி. கோயிலில் தொங்கிய மூலத்துக்கும் அதற்கும் நடுவே ஏறத்தாழ 1,300 வருஷம். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சானால், கல்யாணமே நடக்கவில்லை என்பீர்களா?

கொரில்லாவுக்கு வருவோம். ஏரிக்குள் ஒரு தீவு. உடம்பெல்லாம் ரோமம் முளைத்த 'மனிதர்கள்'. உடன் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் சொன்ன பெயர் 'கொரில்லாய்'. துரத்தினார்கள். ஆண்கள் பாறையேறி, கல்லெறிந்து தப்பிவிட்டார்கள். இன்னொரு தரம் கேளுங்கள்: 60 கப்பலுக்குத் தளபதி, ஆணில் ஒருவர்கூடச் சிக்கவில்லை என்று தானே எழுதுகிறார்! கதை விடுகிறவன் ஒற்றைக் கையால் பத்துப் பேரைப் பிடித்திருப்பான். இவருக்குக் கிடைத்தது மூன்று பெண்கள். அவர்களும் கடித்துப் பிராண்டினார்கள். (1847இல் இந்தப் பெயரைத்தான் குரங்கினத்துக்கு எடுத்து வைத்தார்கள். அன்று பிடித்தது அதே இனமா என்பது வேறு வழக்கு.)

குறிப்பின் கடைசி வரி: "உணவு தீர்ந்தது, அதற்குமேல் போகவில்லை." அவ்வளவுதான்! அந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து, நீரோட்டம் தெற்கே. போகும்போது இரண்டும் தள்ளும். திரும்பும்போது இரண்டும் மறிக்கும். கரையை ஒட்டித் துடுப்பு போட்டுத்தான் வர வேண்டும். துடுப்புக்காரனுக்குச் சோறு இல்லையென்றால் இன்ஜின் நின்றது. இது கடலில் அடிபட்டவன் எழுதும் வரி.

அந்த மூன்று பெண்களைக் கொன்று, தோலுரித்துக் கொண்டுபோனார்கள். கார்த்தேஜ் ரோமரிடம் விழும்வரை தோல்கள் கோயிலில் இருந்தன என்கிறார் பழைய ரோம எழுத்தாளர் பிளினி.

நடுவர் அவர்களே, குறிப்பின் தொடக்கத்திலேயே, கப்பலேறிய 30,000 பேரும் "ஆணும் பெண்ணுமாக" என்று ஒரு சொல் வருகிறது. குடியேற்றப் போன பெண்கள். மெலிட்டா, அராம்பிஸ் என்று ஊர்ப் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்களைப் பற்றி அதற்குமேல் ஓர் எழுத்து இல்லை. கடித்தவர்களுக்காவது இரண்டு வரி கிடைத்தது. கப்பல்கள் வடக்கே திரும்பிப் போனபோது, எத்தனை தாய்மார் கரையில் நின்று பார்த்திருப்பார்கள்? அவர்களையும் சேர்த்தா ஐயா, கட்டுக்கதை என்று தீர்ப்பு எழுதப் போகிறீர்கள்?

வணக்கம்.