ஃபிரெஞ்சில் 'இந்த', 'அந்த': தூரத்தைப் பார்க்காத சுட்டு

(திரை: குமுளி கடைத்தெரு. கண்ணாடி ஜாடிகளில் மிளகு, ஏலக்காய்.)

வணக்கம். குமுளியில மசாலாக் கடையில நிக்கிறவங்களுக்கும் தேக்கடி படகுல வழிகாட்டுறவங்களுக்கும் ஃபிரெஞ்சு பேசுறவங்க வந்தா முதல் நாளே தேவைப்படுறது சுட்டு.

தமிழ்ல இந்த, அந்த. மலையாளத்துல ஈ, ஆ. ரெண்டுலயும் கிட்டவா தூரமான்னுதான் பார்ப்போம். ஃபிரெஞ்சு அதைப் பார்க்காது. பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா, ஒண்ணா பலவா, அடுத்து வர்ற ஒலி எது, இதைத்தான் பார்க்கும்.

மிளகு, 'ப்வாவ்ர்', ஆண்பால். அதனால 'ஸ ப்வாவ்ர்'. எழுத்து சி, இ. ஏலக்காய், 'கார்தமோம்', பெண்பால். 'ஸெத் கார்தமோம்'. எழுத்து சி, இ, டி, டி, இ. ஜாடி கையில இருந்தாலும் மேல்தட்டுல இருந்தாலும் இதேதான். எது எந்தப் பால்னு பொருளை வச்சு ஊகிக்க முடியாது. சொல்லைப் படிக்கும்போதே சுட்டோட சேர்த்து மனப்பாடம் பண்ணுங்க.

(திரை: ஏரிக்கரையில் யானை.)

யானை, 'எலெஃபான்', ஆண்பால். ஆனா உயிரொலியில தொடங்குது. 'ஸ எலெஃபான்'னா ரெண்டு உயிர் முட்டும். அதனால 'ஸெத் எலெஃபான்'. எழுத்து சி, இ, டி. இது நமக்குப் புதுசு இல்ல. இ, ஊர் சேர்ந்தா 'இவ்வூர்'னு நடுவுல வ் வருதில்லையா, அதே வேலைதான். காதுக்குப் பெண்பால் ஸெத் மாதிரியே கேட்கிறதால எழுதும்போது இன்னொரு டி, இ சேர்த்துடுவாங்க. அங்கே கவனம்.

அதைவிட அதிகமா தப்பு வர்ற இடம், நடுவுல பெயரடை வரும்போது. குட்டி யானைன்னா 'ஸ பெத்தித்தெலெஃபான்'. 'பெத்தி' மெய்யொலியில தொடங்குறதால 'ஸ' திரும்பி வந்துடும். தமிழ்லயும் இவ்வூர்தான், ஆனா இப்பெரிய ஊர். ஒட்டி நிக்கிற சொல்தான் முடிவு பண்ணும்.

எச் எழுத்து ஃபிரெஞ்சுல ஒலிக்காது. அதனால ஆள், 'ஓம்', 'ஸெத் ஓம்' ஆகும். ஆந்தைக்கும் எச்தான் முதல் எழுத்து, ஒலிக்கவும் செய்யாது, ஆனா அங்கே அதை மெய்யா எண்ணுறதால 'ஸ இபூ'. இந்த மாதிரிச் சொற்களுக்குப் பல அகராதிகள்ல நட்சத்திரக் குறி போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பழகுங்க.

பன்மை சுலபம். ரெண்டு பாலுக்கும் 'ஸே', எழுத்து சி, இ, எஸ். உயிரொலிக்கு முன்னாடி மட்டும் அந்த எஸ், வண்டு ரீங்காரம் மாதிரி ஒலிக்கும்: 'ஸேஃஸெலெஃபான்'. ஆந்தைகளுக்கு அது கிடையாது, 'ஸே இபூ'.

ரெண்டு ஜாடி மிளகு இருக்கு, எதுன்னு பிரிச்சுக் காட்டணும். அப்போ மட்டும் பெயருக்குப் பின்னாடி சிறு கோடு போட்டு 'ஸி' அல்லது 'லா' சேருங்க. 'ஸ ப்வாவ்ர்-ஸி' இந்த மிளகு, 'ஸ ப்வாவ்ர்-லா' அந்த மிளகு. ஒரே ஜாடின்னா ரெண்டும் வேண்டாம்.

'இந்த மிளகும் ஏலக்காயும்'னு ஒரே சுட்டுல முடிக்கிறது நம்ம வழக்கம். ஃபிரெஞ்சுல ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியா வேணும்: 'ஸ ப்வாவ்ர் எ ஸெத் கார்தமோம்'.