நல்லவர் இடுப்பில் இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொங்கல் விருந்தை முடித்த பிறகும் கண் சொக்காமல் உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ் தமிழர்களுக்கும் வணக்கம்.

பொது இடங்களுக்குத் துப்பாக்கியோடு போகும் உரிமையை அமெரிக்க மாநிலங்கள் தளர்த்திக்கொண்டே வந்ததால் வன்குற்றம் குறைந்ததா, கூடியதா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. கூடியது என்று சொல்லும் அணியில் நான் நிற்கிறேன்.

எதிரணித் தலைவி அம்மையார் நம் டெக்சாஸின் கில்லீன் நகரத்தில் தொடங்கினார். 1991 அக்டோபர் 16. லூபிஸ் உணவகத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவன் பிக்கப் டிரக்கோடு உள்ளே புகுந்தான். 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட வந்திருந்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தாயையும் தந்தையையும் அன்று இழந்தார். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று 1995இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பின்னால் அந்தச் சாட்சியம் இருந்தது. அம்மையார் இதைச் சொன்னபோது அரங்கம் அடங்கிப்போனது. அடங்கத்தான் வேண்டும். அந்தத் துயரத்தோடு வழக்காட எனக்கு மனமில்லை.

ஆனால் ஐயா, ஓர் அக்டோபர் நாளை நினைத்து எழுதிய சட்டம் ஆண்டு முழுவதும் அமலில் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில், பார்க்கிங் தகராறில், திரையரங்கின் இருட்டில் அதுவும் கூடவே வருகிறது. நான் பேச வந்தது அந்த மற்ற நாட்களைப் பற்றி.

"இது டெக்சாஸ், துப்பாக்கி எங்கள் ரத்தத்தில் இருக்கிறது" என்று எதிரணித் தம்பி மார்தட்டினார். தம்பி, 1871இல் இதே டெக்சாஸ் சட்டமன்றம் கைத்துப்பாக்கியோடு வெளியே திரிவதற்குத் தடை போட்டது. 1995 வரை, ஏறக்குறைய 124 ஆண்டுகள், அந்தத் தடையின் கீழ்தான் இந்த மண்ணின் கௌபாய்கள் வாழ்ந்தார்கள். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் ஊருக்குள் நுழைகிறவர் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் நடமாட வேண்டும். உலகம் அறிந்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை மூண்டதே அந்த விதியை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கப்போன இடத்தில்தான். அதே அரிசோனா 2010இல் உரிமமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கௌபாய் காலம் நம் காலத்தைவிடக் கண்டிப்பாக இருந்திருக்கிறது!

சரி, ஆய்வுக்கு வருகிறேன். எதிரணியின் வாதத்துக்குத் தூண் ஜான் லாட் என்ற பொருளாதார ஆய்வாளர். 1997இல் டேவிட் மஸ்டார்ட் என்பவருடன் சேர்ந்து, 1977 முதல் 1992 வரையிலான மாவட்ட வாரியான குற்றக் கணக்கை வைத்து, துப்பாக்கி ஏந்த அனுமதித்த மாநிலங்களில் கொலையும் கொள்ளையும் குறைந்தன என்று எழுதினார். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது? 'கிராக்' கொக்கைன் என்ற போதை. அது நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் போன்ற நகரங்களைக் கருக்கிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் துப்பாக்கிக்குக் கட்டுப்பாடும் கடுமையாக இருந்தது. போதையால் அங்கே பிணங்கள் விழ, துப்பாக்கியை அனுமதித்த மாநிலங்கள் பக்கத்தில் நின்று நல்ல பிள்ளையாகத் தெரிந்தன.

கிராக் அலை ஓய்ந்ததும் என்ன ஆனது? நியூயார்க் நகரத்தில் 1990இல் 2,245 கொலைகள். 1998இல் 633. 2017இல் 300க்கும் கீழே. அந்தக் காலம் முழுவதும் அங்கே சாதாரணக் குடிமகன் இடுப்பில் துப்பாக்கியோடு நடக்க அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால்தான் கெட்டவன் அடங்குவான் என்றால், நியூயார்க்கில் கெட்டவனை அடக்கியது யார்?

2004இல் தேசிய ஆய்வுக் குழு ஒன்று எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்து, இந்தச் சட்டங்கள் குற்றத்தைக் குறைத்தன என்றோ கூட்டின என்றோ சொல்ல இருக்கும் சான்று போதாது என்றது. எதிரணியினர் அதை ஆட்டம் சமன் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் நிற்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் டோனஹியூவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, சட்டத்தைத் தளர்த்திய ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ஜோடியைத் தேடியது. நம் ஊரில் உரம் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரே மண்ணில் அடுத்தடுத்த இரண்டு வயலில் ஒன்றுக்குப் போட்டு ஒன்றுக்குப் போடாமல் விடுவார்களே, அந்த முறைதான். சட்டம் தளர்வதற்கு முன் ஒரே போக்கில் குற்றம் இருந்த மாநிலங்களைக் கலந்து ஒரு மாதிரியை உருவாக்கி, பத்து ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். சட்டத்தைத் தளர்த்திய பக்கம் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. எந்தக் கட்சிக்கும் ஆள் பிடிக்காத ராண்ட் ஆய்வு நிறுவனமும் 2023இல், கேட்டவருக்கெல்லாம் உரிமம் கொடுக்கும் சட்டங்கள் கொலையைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆதரவான சான்று இருக்கிறது என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

தம்பி இப்போது எழுந்து கேட்பார்: "உரிமம் வாங்கியவர்கள் குற்றமே செய்வதில்லையே! டெக்சாஸ் கணக்கைப் பாருங்கள், அவர்கள் தண்டனை பெறுவது மிக அரிது. பிறகு எப்படிக் குற்றம் கூடும்?"

நல்ல கேள்வி. இன்றைய வாதத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. உரிமம் பெற்றவரில் பெரும்பாலோர் நல்லவர்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் நல்லவரின் துப்பாக்கி நல்லவரிடமே இருந்துவிடுகிறதா?

நம் ஊர்க் கடை வாசலில், மருத்துவமனை வாசலில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல உயர எழுத்தில், '30.06' என்ற சட்டப் பிரிவைச் சொல்லி, துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று எழுதியிருக்கும். சட்டத்தை மதிக்கிற நல்லவர் அதைப் பார்த்ததும் என்ன செய்வார்? திரும்பிப் போய்த் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு வருவார். திருடனுக்கும் படிக்கத் தெரியும் ஐயா! எந்தக் கார்களில் கை வைத்தால் பலன் கிடைக்கும் என்று அந்தப் பலகையே அவனுக்குச் சொல்லிவிடுகிறது. 2017 முதல் 2021 வரை ஐந்து ஆண்டுகளில் தனியாரிடமிருந்து களவுபோன துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்று மத்திய அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்கிறது. டோனஹியூ குழுவினர் 2022இல் 47 பெருநகரங்களை ஆராய்ந்தபோது, சட்டம் தளர்ந்த பிறகு துப்பாக்கித் திருட்டு சுமார் 35 சதவீதம் கூடியிருந்தது. துப்பாக்கியைக் காட்டிச் செய்யும் வன்குற்றம் 29 சதவீதம் கூடியிருந்தது. உரிமம் வாங்கியவர் தண்டனைப் பட்டியலில் வரமாட்டார். அவர் துப்பாக்கி வந்துவிடும்.

மறதி என்று ஒன்றும் இருக்கிறது. 2023இல் விமான நிலையச் சோதனையில் பயணிகளின் கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா நிரப்பியிருந்தது. இவர்கள் விமானம் கடத்தப் போனவர்கள் அல்லர். பெரும்பாலோர் சொன்னது 'மறந்துவிட்டேன்' என்பதுதான். தண்ணீர் பாட்டிலை மறக்கலாம், சரி. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை மறக்கிற அளவுக்கு அது பழகிப்போய்விட்டது என்றால், அது எதிரணி சொல்கிற பொறுப்புள்ள ஆயுதமா?

அடுத்தது கோபம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பாட்டி சொன்னது ரவுடிகளைப் பற்றி அன்று, நம்மைப் பற்றி. 2014 ஜனவரியில் ஃப்ளோரிடாவில், டாம்பா நகருக்கு அருகே ஒரு திரையரங்கு. படம் தொடங்கும் முன்னே முன்வரிசைக்காரர் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பின்வரிசைக்காரர் கண்டித்தார். பேச்சு தடித்தது. பாப்கார்ன் பறந்தது. பின்வரிசைக்காரர் சுட்டார், முன்வரிசைக்காரர் இறந்தார். சுட்டவர் யார் தெரியுமா? எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற காவல்துறை கேப்டன். அவரைவிடப் பயிற்சி பெற்ற நல்லவரை எதிரணி எங்கிருந்து கொண்டுவரும்? 2022இல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையும் ஆனார். உங்கள் தண்டனைக் கணக்கில் இந்தச் சாவு இல்லை தம்பி. இடுகாட்டுக் கணக்கில் இருக்கிறது.

கேன்சஸ் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 14. அமெரிக்கக் கால்பந்து அணியின் வெற்றி ஊர்வலம். மிசோரி மாநிலத்தில் 2017 முதல் உரிமம் இல்லாமலே துப்பாக்கி மறைத்து வைத்துக்கொள்ளலாம். அன்று 800க்கும் மேற்பட்ட போலீசார் அந்த ஊர்வலப் பாதையில் இருந்தார்கள். இரண்டு கும்பலுக்குள் 'ஏன் முறைக்கிறாய்?' என்று தொடங்கியதாக நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. ஒருவர் பலி, 20க்கும் மேற்பட்டோர் காயம். முறைத்ததற்குச் சண்டை நம் ஊர்த் திருவிழாவிலும் வரும். சட்டை கிழியும், செருப்பு தொலையும், மறுநாள் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள். இங்கே தீர்த்துவைக்க ஆள் வருவதற்குள் தோட்டா தீர்ந்துவிடுகிறது.

போலீஸ் படும் பாட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலை 7, டல்லாஸ். ஊர்வலத்தில் ஒருவன் சுட்டதில் ஐந்து போலீசார் இறந்தார்கள். இங்கே இருப்பவர்களில் பலருக்கு அந்த இரவு நினைவிருக்கும். அந்த ஊர்வலத்தில் சட்டப்படியே தோளில் நீளத் துப்பாக்கி மாட்டிக்கொண்டு 20, 30 பேர் நடந்தார்கள். சூடு தொடங்கியதும் யார் சுடுகிறான், யார் ஓடுகிறான் என்று போலீசாருக்குப் புரியவில்லை. ஒரு அப்பாவியின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே வெளியிட்டுவிட்டது. அவர் பிழைத்தார். 2021இல் டென்வர் பக்கம் ஆர்வாடாவில், போலீஸ்காரரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்திய ஒரு துணிச்சல்காரர் பிழைக்கவில்லை. கையில் துப்பாக்கியோடு நின்ற அவரையே கொலைகாரன் என்று நினைத்து வந்த போலீஸ் சுட்டுவிட்டது. அந்த 47 நகர ஆய்வில், வன்குற்ற வழக்குகளில் துப்புத் துலக்குவது 13 சதவீதம் குறைந்தது என்ற கணக்கும் இருக்கிறது. போலீஸ் துப்பாக்கித் தகராறுகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற வழக்கை யார் பார்ப்பது?

அம்மையார் இந்தியானா வணிக வளாகத்தைச் சொன்னார். 2022 ஜூலையில் அங்கே சுட்டவனை 22 வயது இளைஞர் ஒருவர் 15 நொடிக்குள் வீழ்த்தினார். வீரம்தான், கைதட்டுகிறேன். ஆனால் எத்தனை முறை இப்படி நடக்கிறது? 2000 முதல் 2013 வரை நடந்த இத்தகைய 160 துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. போலீஸ் அல்லாத ஆயுததாரிகள் திருப்பிச் சுட்டதால் முடிந்தவை 5. வெறுங்கையோடு பாய்ந்து மடக்கிய பொதுமக்களால் முடிந்தவை 21.

"2022க்குப் பிறகு கொலை குறைந்துகொண்டே வருகிறதே, சட்டமோ தளர்ந்துகொண்டே போகிறதே" என்றும் கேட்டார்கள். 2020இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 30 சதவீதம் எகிறிய கொலை, பெருந்தொற்றுக் குழப்பம் தணியத் தணிய நாடு முழுவதும் இறங்கியது. கட்டுப்பாடு உள்ள மாநிலத்திலும் இறங்கியது, இல்லாத மாநிலத்திலும் இறங்கியது. எல்லா ஊரிலும் மழை பெய்தபோது எங்கள் ஊர் யாகத்தால்தான் பெய்தது என்று சொல்லக் கூடாது. அரசியல் சாசன உரிமை, 2022இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தை ரத்து செய்த தீர்ப்பு எல்லாம் பேசினார்கள். அது உரிமை வழக்கு. நமக்குக் கொடுத்த தலைப்பு குற்றம்.

மணி அடித்துவிட்டார்கள் ஐயா, ஒரே நிமிடம். எதிரணி இன்று மாலை முழுக்கப் பெருமைப்பட்டது யாரை வைத்து? உரிமம் பெற்றவரை வைத்து. வகுப்பில் நான்கு மணி நேரமாவது உட்கார்ந்தவர், குறி பார்த்துச் சுட்டுக் காட்டியவர், பின்னணிச் சோதனையில் தேறியவர், ஆகவே பொறுப்பானவர் என்றார்கள். அப்படியானால் 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவருக்கு அந்த வகுப்பும் வேண்டாம், அந்தக் குறியும் வேண்டாம், உரிமமே வேண்டாம் என்று சட்டம் கொண்டுவந்தது யார்? இன்று 29 மாநிலங்களில் இதே நிலை. எதிரணி புகழ்ந்த நல்லவரை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த ஒரே சீட்டையும் அவர்களே கிழித்துப் போட்டுவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, இனி அந்த நல்லவரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று மட்டும் நடுவருக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.