நீங்கள், நீர், நீ

வணக்கம் நேயர்களே. தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். படமே இல்லாத இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேசுவது என்று எனக்கும் முதலில் தயக்கம்தான். ஆனால் பணக்கார வீடும் ஏழை வீடும் மோதிக்கொள்ளும் காதல் நகைச்சுவைத் தொடர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் அவற்றின் தரம் தெரியும் என்பது என் கட்சி. மாளிகையையும் காரையும் யாரும் காட்டிவிடலாம். வாயைத் திறந்த உடனே எந்த வீட்டுப் பிள்ளை என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கட்சிக்கு நான் வந்தது என் அம்மாவால். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் இருந்தோம். என் மகள் காலி வீதிக் கடையொன்றில் இருந்து 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' என்ற கொரியத் தொடரின் இறுவட்டுகளை வாங்கி வந்தாள். 2009 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்த தொடர், மொத்தம் 25 பகுதிகள். கீழே ஆங்கில எழுத்து ஓடும். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு முன்வரிசையில் இருந்துவிட்டார். "என்னவாம்? என்ன சொல்லுறான்?" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்பார். நான் வாயால் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போவேன். சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படித்தான் தொடங்கியது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சலவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஜான்-டி. நாட்டின் பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு உடுப்புக் கொடுக்கப் போன இடத்தில், மேல்மாடியில் இருந்து குதிக்கப் போன மாணவனைக் காப்பாற்றுகிறாள். விஷயம் வெளியே வந்து ஊர் கொதிக்கிறது. கொதிப்பை அடக்க, நீச்சலில் கெட்டிக்காரி என்று சொல்லி அவளுக்கே புலமைப்பரிசில் கொடுத்து உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே நான்கு பணக்காரப் பையன்கள், அவர்களுக்குத் தலைவனாக ஜுன்-பியோ. முதலில் சண்டை, அப்புறம் காதல். இடையில் அவனுடைய தாய்.

கதையின் வேர் கொரியாவில் இல்லை. ஜப்பானியப் பெண் எழுத்தாளர் யோக்கோ கமியோ 1992இல் தொடங்கிய சித்திரக்கதை அது. தாய்வான் 2001இல் தொலைக்காட்சிக்கு எடுத்தது. ஜப்பான் 2005இல், பிறகு கொரியா, 2018இல் சீனா, 2021இல் தாய்லாந்து. ஒவ்வொரு நாடும் தன் பணக்காரரையும் தன் ஏழையையும் போட்டு எடுத்துப் பார்த்திருக்கிறது. ஜப்பானியத் தலைப்பில் ஒரு குறும்பு உண்டு. 'பூவை விடக் கொழுக்கட்டை மேல்' என்று அங்கே ஒரு பழமொழி. செரிப்பூப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பூவில் இருப்பதை விட மாவுருண்டையில்தான் கண் என்ற கேலி. அந்தக் கொழுக்கட்டைச் சொல்லை, 'ஆண்பிள்ளைகள்' என்று பொருள் வரும் எழுத்துகளில் எழுதிவிட்டார் கமியோ. காதால் கேட்டால் கொழுக்கட்டை, கண்ணால் வாசித்தால் பையன்கள்! அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "பிறகென்ன, பசிக்கிறவனுக்குப் பூவைக் காட்டினால் கோபம்தான் வரும்" என்றார். தொடரைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் பிறகு எங்கும் காணவில்லை.

சரி, அந்தத் தாயின் காட்சிக்கு வருவோம். மகனை விட்டு விலகச் சொல்வதற்காகப் பணக்காரத் தாய் காசோடு ஜான்-டியின் சின்ன வீட்டுக்கு வருகிறாள். நான் இன்னும் தமிழாக்கத் தொடங்கவில்லை, அதற்குள் அம்மா முகம் மலர்ந்து சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளை வீட்டுக்குக் காசு கொண்டு வருகினமோ? அருமையான சனமாய்க் கிடக்கு!"

நானும் மகளும் சிரித்து உருண்டோம். அம்மா மேல் பிழையே இல்லை. சீதனத்துக்காகக் காணி விற்ற தலைமுறை. காசு எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கம் போகும் என்பது அவருக்கு மழை கீழே விழுவதைப் போன்ற விஷயம். திரையில் மழை மேலே போகிறது. அடுத்து நடந்ததுதான் அவரை எழுந்து நிற்க வைத்தது. ஜான்-டியின் தாய் உப்பை எடுத்து அந்தச் சீமாட்டியின் தலையில் கொட்டுகிறாள். வேண்டாத ஆள் வந்து போனால் உப்பு எறிவது கொரிய வழக்கம். நாங்கள் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நாவூறு கழிக்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இந்தக் காட்சி எனக்குப் பிடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. மகள் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்று அதுவரை கனவு கண்டு திரிந்தவள்தான் அந்தத் தாய். அந்த ஆசையும் இந்த ரோசமும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. நம் தொடர்களில் ஏழை என்றால் ஒன்றில் தியாகி, இல்லாவிட்டால் பேராசைக்காரி. இரண்டுமாக இருக்கிற ஆளிடம்தான் சிரிப்பு பிறக்கும்.

சில வருடங்களுக்குப் பிறகு, குரல்மாற்று, அதாவது டப்பிங், வேலை செய்யும் ஒரு சின்னக் கலையகத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இதே அச்சில் வார்த்த கொரியத் தொடர் ஒன்று, மாதிரிக்கு நான்கு காட்சிகளுக்குத் தமிழ் வசனம் எழுத வேண்டும். ஒரு குட்டி அறை. சத்தம் பதியும் என்று காற்றாடியையும் நிறுத்திவிடுவார்கள். வெளியே ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தால் காட்சி முதலில் இருந்து.

கொரிய மொழி நமக்கு வசதியானது. வினைச்சொல் நம்முடையதைப் போலவே கடைசியில் வரும், ஆகவே நடிகரின் முகம் மாறும் இடத்திலேயே நம் வசனமும் மாறும். வாய் மூடித் திறக்கும் இடத்தில் பகரமும் மகரமும் விழ வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். அவர்களும் தகப்பனை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள், தாயை 'ஒம்மா' என்கிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் கூலி வாங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கஷ்டம் 'ஒப்பா'வில் வந்தது. பெண் தன் மூத்த சகோதரனை அப்படிக் கூப்பிடுவாள். காதலனையும் அப்படியே கூப்பிடுவாள்! 'அண்ணா' என்று போட்டால் காதல் அந்த இடத்திலேயே செத்துவிடும். 'அத்தான்' என்று போட்டால் கறுப்பு வெள்ளைப் படம் ஆகிவிடும். 'மச்சான்' என்றால் கொழும்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் தேத்தண்ணிக் கடையில் கூட்டாளியைக் கூப்பிடும் சொல். கடைசியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்தேன். அது தோல்விதான்.

அதை விடப் பெரிய வில்லங்கம் பேச்சில். எந்த ஊர்த் தமிழில் எழுதுவது? "எல்லோருக்கும் விளங்கும் பொதுத் தமிழில்" என்றார்கள். எழுதினேன். பணக்காரத் தாய், "இந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றாள். ஏழைத் தாய், "எங்களுக்கு இந்தப் பணம் தேவையில்லை" என்றாள். இரண்டு செய்தி அறிவிப்பாளர்கள் சண்டை பிடிப்பதைப் போல இருந்தது. கொழும்பின் பணக்காரக் கறுவாத்தோட்டமும் சாமானியர் வாழும் கொட்டாஞ்சேனையும் ஒரே வாயால் கதைத்தன.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகம் நினைவிருக்கும். எஸ். ராமதாஸின் மரிக்கார், கூடவே அப்புக்குட்டி, உபாலி, ஐயர். நாலு பேர், நாலு விதத் தமிழ். 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. முகம் தெரியாமலேயே ஆளைத் தெரிந்தோம், சிரித்தோம். அந்த நினைப்பில், ஏழைத் தாய்க்கு ஒரு வட்டாரப் பேச்சைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பேனையை எடுத்தேன். கை நின்றுவிட்டது. கோமாளிகளில் நாலு பேரும் சரிசமம். இங்கே ஒருத்தி மாடியில், மற்றவள் கீழே. நம் நாடகங்களில் வீட்டு வேலைக்காரருக்கு மலையகப் பேச்சைக் கொடுத்துச் சிரித்த பாவம் போதாதா? யாழ்ப்பாணப் பேச்சைக் கொடுத்தால் மட்டும் நியாயமாகிவிடுமா?

சலவைக் கடையும் அப்படித்தான். கொரியாவில் அது ஒரு சிறு வியாபாரம், அவ்வளவுதான். தமிழில் 'சலவை' என்ற சொல் காதில் விழுந்த உடனே நம்மில் பலருக்கு அது தொழிலாக நிற்காது, சாதியாகிவிடும். ஏழை பணக்காரன் கதை என்று தொடங்கியது வேறு கதையாகிவிடும். அந்தக் கதையையும் யாராவது எழுதத்தான் வேண்டும், ஆனால் சிரிக்க வைக்க வந்த தொடருக்குள் ஒளித்து வைத்து அல்ல. நான் எழுதிய காட்சிகளில் வந்ததும் சலவைக் கடைக் குடும்பம்தான். 'லோண்டரி' என்று போட்டுத் தப்பினேன். அது கெட்டித்தனம் இல்லை, கோழைத்தனம்.

பிறகு வழி கிடைத்தது, அம்மாவின் வாயில் இருந்தே. கீழ்த் தளத்தில் இருந்த இளம் ஆசிரியையோடு அம்மா கதைத்துக்கொண்டு நின்றார். "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். கொரியர் பேச்சில் மரியாதைப் படிகள் பல உண்டு, அவை வினைச்சொல்லின் வாலில் தெரியும். நமக்கும் மூன்று படி இருக்கிறதே! வாங்கோ, வாரும், வா. நடுவில் நிற்கும் 'நீர்' எவ்வளவு வசதி! தூரம் வைக்கவும் அதுதான், செல்லம் கொஞ்சவும் அதுதான்.

காட்சிகளைத் திருப்பி எழுதினேன். பணக்காரத் தாய் முதலில் இருந்தே "நீர்" என்பாள், "இதை வைத்துக்கொள்ளும்" என்பாள். ஏழைத் தாய் "நீங்கள், நீங்கள்" என்று இழுத்துக்கொண்டே வந்து, கையை ஓங்கும் நேரத்தில் "போம் வெளியே" என்று ஒரு படி இறக்குவாள். பையன் எல்லோரையும் "நீ" என்பான். அந்தப் பெண்ணைக் கண்டு பயம் வந்த பிறகு "நீர்" ஆகிவிடுவான்.

மாதிரிக்கு எழுதிய அந்த நான்கு காட்சிகளும் ஒளிபரப்பாகவில்லை. "நீர்" பழைய சொல்லாம், பிள்ளைகளுக்கு விளங்காதாம். ஒலிப்பதிவு நாளில் நாயகிக்குக் குரல் கொடுத்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். கடைசிக் காட்சியில் அவள் காதலனிடம், "நீர் என்னை விட்டிட்டுப் போகமாட்டீர்தானே?" என்று கேட்க வேண்டும். மூன்று தரம் சரியாகச் சொன்னாள். நாலாம் தரம் அவளை அறியாமல் வாயில் வந்தது: "நீ போகமாட்டாய்தானே?"

வசனத் தாளில் அது இல்லை. ஒலிப்பதிவாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேனையை மூடிவிட்டு, அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.