பியானோவுக்குள் கிடந்த குளிர்

(திரை இருட்டு. சரசரவென்று உராயும் ஒலி மட்டும்.)

கேட்கிறதா? யாரோ பனியை மிதித்துக்கொண்டு வருகிறார்கள். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஆரம்பிக்கவும் செய்யாது.

இது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸெ' என்ற பாடல் தொகுப்பு, அதாவது பனிக்காலப் பயணம். ஆனால் 1993இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸெண்டர் திருப்பி எழுதிய வடிவம்.

(காட்சி: பழைய வியன்னா ஓவியம்.)

மூலம் 1827இல் எழுதப்பட்டது. வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகள், ஒரு குரல், ஒரு பியானோ. காதல் கைகூடாத ஒருவன் இரவோடு இரவாக ஊரைவிட்டுக் கிளம்புகிறான், நடந்துகொண்டே இருக்கிறான். கதை அவ்வளவுதான். நடுங்கவைக்கும் பாடல்கள் என்று சொல்லித்தான் ஷூபர்ட் நண்பர்களுக்கு இவற்றைப் பாடிக் காட்டினாராம். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். நண்பர் ஷோபருக்குப் பிடித்தது 'லிண்டன் மரம்' என்ற பாட்டு ஒன்றுதான்.

சரி, இன்றைக்கு யார் நடுங்குகிறார்கள்? மெத்தை இருக்கை, கோட்டு போட்ட பாடகர், பளபளக்கும் பியானோ. உருகிப்போய்க் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அந்தப் பழைய அதிர்ச்சியைத்தான் ஸெண்டர் தேடினார். பியானோ வாசித்ததை அப்படியே வயலினுக்கும் குழலுக்கும் பங்குபோட்டுக் கொடுக்கவில்லை. முதல் பாட்டையே பாருங்கள். ஷூபர்ட்டின் பியானோவில் ஒரே சீராக விழும் தட்டல்கள் காலடிகள்தான். ஸெண்டர் அந்தக் காலடியை மட்டும் தனியே உருவி எடுத்து, மெட்டே இல்லாமல் நடக்கவிடுகிறார். குரல் வருவதற்குள் நமக்கே கால் விறைத்துப்போகிறது.

சிறிய இசைக்குழுதான். ஆனால் அதில் அக்கார்டியன், கிட்டார், காற்றொலி எழுப்பும் இயந்திரம்கூட உண்டு. கலைஞர்கள் எழுந்து அரங்கில் நடக்கிறார்கள். பாடகர் சில இடங்களில் பாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறார். காற்று இயந்திரம் மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. ஷூபர்ட்டின் பியானோவிலேயே காற்று அடிக்கிறதே!

(காட்சி: உறைந்த தெரு.)

கடைசிப் பாட்டுக்கு வருவோம். ஊருக்கு வெளியே, பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு ஒரு கிழவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஓர் இசைப்பெட்டியை வாசிக்கிறார். தட்டில் காசு இல்லை. நாய்கள் உறுமுகின்றன. மூலத்தில் பியானோவின் இடதுகை சுருதிபோல இரண்டே சுரங்களைக் கடைசிவரை விடாமல் பிடித்திருக்கும். பாழ்வெளியில் காலூன்ற இருந்தது அது ஒன்றுதான்.

ஸெண்டர் அதையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சுரங்களுக்கு அடியில் வேறு சுரங்கள் வந்து சேர, தரை மெல்ல நழுவுகிறது. அதன்மேல் நின்றுகொண்டு, ஊரைவிட்டுக் கிளம்பிய அவன் கிழவரிடம் கேட்கிறான்: "நானும் உங்களோடு வரட்டுமா?"

(ஒலி: பெட்டியின் இசை. திரை மெல்ல வெளுக்கிறது.)