விரல் இடுக்கு வழியாக

வணக்கம். என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது வீட்டில் ஒரு படப்புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு, நடுவில் இரண்டே இரண்டு மஞ்சள் கண்கள். அந்தப் பக்கம் வரப்போகிறது என்றாலே என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். நான் பெரிய புத்திசாலி மாதிரி இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டி அதைத் தாண்டிவிடுவேன். ஒரு வாரம் இப்படியே ஓடியது, அப்புறம் ஒருநாள் அவளே என் கட்டைவிரலை விலக்கி, "அதைக் காட்டுப்பா" என்றாள். காட்டியதும் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கண்களைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலை மட்டும் நகர்த்தி, அந்த இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

அந்த இடுக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தைரியம் சொல்லித்தரும் புத்தகம் என்றால் பயமே தெரியாத ஒரு வீரக் குழந்தையைத்தான் நாம் தேடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வீரனைப் பார்த்தால், 'அவனுக்கு இருப்பது எனக்கு இல்லை' என்றுதானே தோன்றும்? கதையில் வருகிறவனுக்குக் கால் நடுங்க வேண்டும், நடுங்கிக்கொண்டே ஓர் அடி வைக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் கற்பனை வேகமாக வளர்கிறது, ஆனால் நிஜம் எது கற்பனை எது என்ற கோடு இன்னும் உறுதியாகவில்லை. அதனால்தான் "பேயெல்லாம் கிடையாது" என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் கட்டிலுக்கு அடியில் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது.

மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்து 1963இல் வந்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற ஆங்கிலப் படப்புத்தகத்தைக் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். சேட்டை செய்ததற்காகச் சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன் பூதங்களின் ஊருக்குப் போய்த் திரும்பும் கதை அது. முதல் படம் சின்னதாக, சுற்றிலும் நிறைய வெள்ளை இடத்தோடு இருக்கும். பையன் வீட்டிலிருந்து விலக விலகப் படம் பெரிதாகிக்கொண்டே போய், பூதங்களோடு கூத்தடிக்கும் இடத்தில் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும், அங்கே ஒரு சொல்கூட இருக்காது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, அவனுக்காக வைத்திருந்த சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்ற செய்தி மட்டும். வெளிவந்தபோது பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்ட பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளோ திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, தாங்குகிற அளவுக்கு எதிர்கொள்ள வைப்பது உளவியலாளர்கள் சிகிச்சையில் செய்கிற வேலை. மடியில் விரித்த புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. திரையில் ஓடும் படம் யாருக்காகவும் நிற்காது. புத்தகம் நிற்கும், பின்னால் போகும், பட்டென்று மூடிக்கொள்ளும். ஆகவே தாளைப் புரட்டும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். "போதும்" என்றால் போதும்தான், இன்னும் ஒரே ஒரு பக்கம் என்று கெஞ்ச வேண்டாம். முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அந்த ஒரு கேள்வியில் கதை பரீட்சையாகிவிடும். "இவன் எங்கே ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்டால் பிள்ளையே பயமுறுத்தும் படத்துக்குள் விரலை விட்டுத் தேடும். பத்தாவது முறையாக அதே புத்தகத்தை நீட்டினால் நமக்குக் கொட்டாவி வரும், சரி, பொறுத்துக்கொள்ளுங்கள்: அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டே அதைத் திறப்பது அவர்களுக்கு ஒரு பயிற்சி. ஆனால் நிஜமாகவே பெரிய அதிர்ச்சியைச் சந்தித்த பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் போதாது, அதற்குரியவர்களிடம் அழைத்துப் போக வேண்டும்.

என் மகள் அந்த மஞ்சள் கண் புத்தகத்தை ராத்திரி தன் அறையில் வைக்க விடமாட்டாள். வேறு அறையில் வைத்து, கதவையும் நான் சாத்திவிட்டு வர வேண்டும். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் முதல் வேலையாக ஓடிப்போய் அந்தக் கதவைத் திறப்பாள், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க.